தகரப் பெட்டியில் இருப்பது குப்பையா?

தங்கவயல் தமிழர்கள் நாலு பேர் ஒரு கல்யாணத்திலோ கருமாதியிலோ சந்தித்துக் கொண்டால், முன்பெல்லாம் பிள்ளைகளின் படிப்பு, வேலை, வரன் என்று பேசுவோம். இப்போது சில வருடங்களாகப் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. "ஊர் வீட்டை என்ன செய்தீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் துபாயிலும் இருக்கிறார்கள். லைன் வீடு பூட்டிக் கிடக்கிறது. கரையான் ஏறுகிறது. யாராவது ஒருவர் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்து வீட்டைக் காலி செய்கிறார்கள். அறுபது வருடம் சேர்ந்ததை இரண்டு நாளில் காலி செய்வதென்றால் எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய பேப்பர்க்காரரின் தள்ளுவண்டிதான் முடிவு செய்கிறது.

இந்த விஷயத்தில் நம்மவர்களிடையே இரண்டு கட்சி இருப்பதைப் பார்க்கிறேன். ஒரு கட்சி, "பழசையெல்லாம் கட்டிக்கொண்டு அழாதீர்கள், தூக்கிப் போடுங்கள்" என்கிறது. பெரும்பாலும் பிள்ளைகளும் மருமக்களும் இந்தக் கட்சி. இன்னொரு கட்சி, "என் கண் மூடும் வரை ஒரு துரும்பையும் தொடக்கூடாது" என்கிறது. இது என் வயதுக்காரர்கள் கட்சி. இரண்டு கட்சியும் ஒரு வேலையிலிருந்து தப்பித்துக் கொள்கின்றன என்பது என் அபிப்பிராயம். உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் பிரிக்கும் வேலைதான் அது.

நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவன். பழையதைக் கழிப்பது எங்கள் உத்தியோகத்தில் பாதி. மெயின் லைனில் தேய்ந்த தண்டவாளத்தைக் கழற்றினால் அது உடனே குப்பை ஆகிவிடாது. நல்ல நிலையில் இருப்பது லூப் லைனுக்குப் போகும். அங்கே தேய்ந்தால் சைடிங்குக்குப் போகும். அதற்கும் ஆகாதது லெவல் கிராசிங் பக்கத்தில் கம்பமாக நிற்கும், வேலிக் காலாகும். கடைசியில்தான் ஸ்கிராப் ஏலம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ஆள் பார்த்து, அளந்து, எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இன்னொன்று: ஒவ்வொரு தண்டவாளத்தின் இடுப்புப் பகுதியிலும் அதைச் செய்த ஆலையின் பெயரும் வருடமும் புடைத்து நிற்கும். எவ்வளவு துரு ஏறினாலும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் படித்துவிடலாம். பெயரும் வருடமும் இருக்கிற பொருளை யாரும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிட முடியாது. வீட்டுச் சாமான்களையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

முதலில் நம் வீடுகளில் இவ்வளவு சாமான் எப்படிச் சேர்ந்தது என்று யோசிக்க வேண்டும். லைன் வீடு எவ்வளவு பெரியது என்பது தங்கவயலில் பிறந்தவர்களுக்குத் தெரியும். ஒரு அறை, ஒரு சமையல் மூலை. அதில் ஏழு எட்டுப் பேர். ஆனாலும் பரண் நிறைய, கட்டிலுக்கடியில், கதவுக்குப் பின்னால் மூட்டை மூட்டையாக ஏதாவது இருக்கும். நம் பாட்டன்மார் வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரி, சித்தூர்ப் பக்கங்களிலிருந்தும் வந்தவர்கள். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி இங்கே சுரங்க நிர்வாகத்தை ஏற்றது. பெளரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பம் வரைக்கும் ரயில் 1894இல் வந்தது. அந்தக் காலத்தில் வந்தவர்கள் யாரும் இங்கேயே சாகிறோம் என்று வரவில்லை. நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்பி, ஒரு காணி நிலம் வாங்கலாம் என்று வந்தார்கள். அதனால் எதையும் கழிக்கவில்லை. "ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகலாம்" என்று கட்டி வைத்தார்கள். திரும்பிப் போகவே இல்லை. மூட்டை மட்டும் மூன்று தலைமுறையாகப் பரணிலேயே இருக்கிறது. புலம்பெயர்ந்த குடும்பம் எந்த ஊரில் இருந்தாலும் இந்த நோய் உண்டு. மும்பை தாராவியிலும், இலங்கை மலையக லயங்களிலும் இதையேதான் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

2001ஆம் வருடம் பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். நூற்றிருபது வருடத்தில் சுமார் 800 டன் தங்கம் எடுத்த இடம் அது. அதற்குப் பிறகு ஊர் காலியான விதத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். சிலர் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்பினார்கள். இன்றும் அந்த ரயில்களில் கூட்டம் குறையவில்லை. சிலர் குடும்பத்தோடு கிளம்பினார்கள். போகும்போது டி.வி.யையும் குக்கரையும் எடுத்துப் போனார்கள். அம்மியையும் ஆட்டுக்கல்லையும் விட்டுப் போனார்கள். அதில் தவறேதும் இல்லை. நாலாவது மாடி வாடகை வீட்டுக்கு ஆட்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்வது? கனமான சாமான்களைப் பற்றி என் கட்சிக்காரர்கள் கண்ணீர் விடுவது எனக்குச் சம்மதமில்லை. அம்மா அரைத்த அம்மி என்றால், அரைப்பதற்கு ஆள் இருக்கிற வீட்டுக்குக் கொடுங்கள். பெங்களூர் ஓட்டல்களில் வாசலில் ஆட்டுக்கல்லை வைத்து அதில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விட்டிருக்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அரைத்துத் தோள் வலித்தவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் புரியும்.

பித்தளை, வெண்கலப் பாத்திரங்கள் கொஞ்சம் வேறு ரகம். நம் வீட்டுப் பாத்திரங்களில் பெயர் வெட்டும் வழக்கம் உண்டு. யார், யாருக்கு, என்ன விசேஷத்துக்குக் கொடுத்தது என்று சிறு உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியிருப்பார்கள். தண்டவாளத்தில் இருக்கிற எழுத்து மாதிரிதான். எங்கள் வீட்டில் ஒரு தவலையின் கழுத்தில் என் பாட்டியின் பெயரும், அவளுடைய பிறந்த ஊர் பெயரும் இருந்தன. வேலூர்ப் பக்கத்தில் எங்களுக்கு அப்படி ஒரு ஊரோடு தொடர்பு இருப்பது அதுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பழைய பாத்திரக் கடையில் எடை போட்டுத்தான் காசு கொடுப்பார்கள். எழுத்துக்குக் காசு இல்லை. ஆகவே பாத்திரத்தைப் போடுவதாக இருந்தாலும் எழுத்தைப் படித்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போடுங்கள். செல்போன் இருக்கிறது, ஒரு போட்டோ எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதற்குப் பிறகு பாத்திரத்தை யாருக்குக் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. கல்யாணம் ஆகிப் போகிற பேத்திக்குக் கொடுப்பது உத்தமம். அவள் வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் வீட்டைச் சுத்தம் செய்வதற்கும் புத்தகம் படிக்கிறார்கள். ஜப்பானிலிருந்து மரி கோண்டோ என்ற பெண்மணி 2011இல் ஒரு புத்தகம் எழுதி உலகம் முழுவதும் பிரபலமாகிவிட்டார். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது மனதுக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தராவிட்டால் அதற்கு நன்றி சொல்லிவிட்டுக் கழித்துவிட வேண்டும் என்பது அவர் முறை. நன்றி சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. நாமும் ஆயுத பூஜையில் சுத்தியலுக்கும் ஸ்பானருக்கும் பொட்டு வைக்கிறவர்கள்தானே. ஆனால் மகிழ்ச்சி என்கிற அளவுகோலை வைத்து ஒரு சுரங்கத் தொழிலாளியின் வீட்டைப் பிரிக்க முடியாது. எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் மகிழ்ச்சி தருகிற பொருள் எத்தனை இருந்தது என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல் போதும்.

சுவீடன் நாட்டு மார்கரெட்டா மாக்னுசன் என்ற அம்மையார் 2017இல் எழுதியது இன்னும் கொஞ்சம் நம் போக்குக்கு வருகிறது. சாவதற்கு முன்னால் தன் சாமானைத் தானே ஒழுங்கு செய்துவிடு, பிள்ளைகள் தலையில் கட்டாதே என்கிறார். அவர்கள் பாஷையில் அதற்கென்று ஒரு சொல்லே இருக்கிறதாம். நம்மவர்களிடம் இதைச் சொன்னால் "அபசகுனமாகப் பேசாதே" என்பார்கள். ஆனால் போகிக்குப் பழசைக் கொளுத்துகிறவர்கள் நாம்தான். மார்கழிக் கடைசி நாள் தங்கவயல் லைன்களில் பாயும் கூடையும் எரிந்த புகை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த நெருப்பில் பழைய காகிதங்களும் போயின. ஆடிப் பதினெட்டில் பழைய ஏட்டுச் சுவடிகளை ஆற்றில் விட்ட வழக்கத்தைப் பற்றி உ.வே. சாமிநாதையர் வருத்தப்பட்டு எழுதியிருப்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். கழிப்பதற்கு நமக்கு நாள் நட்சத்திரம் எல்லாம் உண்டு. கழிப்பதற்கு முன்னால் படித்துப் பார்க்கத்தான் நாள் குறிக்கவில்லை.

இனி காகிதங்களைப் பற்றி. நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

எங்கள் அம்மா 2022இல் காலமான பிறகு வீட்டைப் பிரித்தோம். தம்பியும் தங்கையும் நானும் மூன்று பேர். தகரப் பெட்டியின் அடியில் ஒரு பெரிய காக்கி உறை இருந்தது. உள்ளே நைனாவின் மார்பு எக்ஸ்ரே படங்கள் ஏழு. (எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.) வாசலில் நின்ற பழைய பேப்பர்க்காரர் உறையைப் பார்த்ததும், "அய்யா, அந்த எக்ஸ்ரேவைக் குடுங்க, அதுக்குத் தனி ரேட்டு" என்றார். எக்ஸ்ரே பிலிமில் வெள்ளி இருக்கிறது. அதைக் கரைத்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தங்கம் எடுத்தவனின் நெஞ்சுப் படத்திலிருந்து வெள்ளி. தம்பி கொடுத்துவிடலாம் என்றான். "இதை வைத்துக்கொண்டு என்ன அண்ணே செய்யப்போறோம், பார்த்தா அழுகைதான் வரும்" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஒவ்வொரு படத்தின் மூலையிலும் எண்ணும் தேதியும் பதிந்திருந்தன. 1974 முதல் 1989 வரை. தேதியைப் பார்த்த பிறகு எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. தங்கை மகள் பெங்களூரில் நர்சாக இருக்கிறாள். அவளை வரவழைத்துக் காட்டினோம். அவள் ஏழையும் தேதி வரிசைப்படி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு தான் வேலை செய்யும் இடத்து டாக்டரிடம் எடுத்துக் காட்டிவிட்டு வந்து சொன்னாள். முதல் படத்தில் நெஞ்சு தெளிவாக இருக்கிறது. போகப் போக நுரையீரலின் மேல்பாகத்தில் சின்னச் சின்னப் பொட்டுகள் விழுகின்றன. கடைசிப் படத்தில் பொட்டுகள் ஒன்றோடொன்று சேர ஆரம்பித்திருக்கின்றன. "மாமா, இது கல் தூசி. சிலிகோசிஸ் மாதிரி இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார்" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் இதுவரை இருந்த கதை வேறு. நைனா பீடி குடித்தார். அதனால்தான் இருமி இருமிச் செத்தார். அம்மா அப்படித்தான் சொன்னாள், நாங்களும் அப்படித்தான் நம்பினோம். என் தம்பி அந்தப் பீடிக்காக நைனாவோடு கடைசி இரண்டு வருடம் சரியாகப் பேசவே இல்லை. பேத்தி வந்து சொன்ன அன்று அவன் வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டான். பீடி குடித்தது பொய் இல்லை. ஆனால் பீடியால் மட்டும் வந்ததில்லை என்று தெரிந்துகொள்ள இருபது வருடம் ஆயிற்று. அதற்கு ஆதாரம் கிலோ கணக்கில் போக இருந்தது. இப்போது அந்த உறை தம்பி வீட்டில்தான் இருக்கிறது. அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

கருங்கல்லைத் துளைக்கிற எந்தச் சுரங்கத்திலும் சிலிகோசிஸ் வரும். கல்லில் இருக்கிற சிலிகா தூசியாகிக் காற்றோடு நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடுகிறது. வேலையை விட்ட பிறகும் வியாதி வளரும். திருப்பிச் சரிசெய்ய வைத்தியம் இல்லை. தங்கவயல் வீடுகளில் எத்தனை தகரப் பெட்டிகளில் இந்த மாதிரி உறைகள் இருந்தனவோ, எத்தனை தள்ளுவண்டியில் போயினவோ!

எக்ஸ்ரே எல்லோர் வீட்டிலும் இருக்காது. அடகு ரசீது இருக்கும். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுளிக்கும் என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன். பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குப் போய்த் தங்கம் வெட்டிய ஊரில், வெட்டியவன் மனைவியின் கழுத்தில் கிடந்தது மஞ்சள் கயிறு. ஒரு ஜோடிக் கம்மலும் ஒரு மூக்குத்தியும் ராபர்ட்சன்பேட்டை அடகுக் கடைக்குப் போவதும் வருவதுமாக இருக்கும். கடைசியில் ஒரு நாள் போனது வராது. எங்கள் அம்மாவின் ரசீதுகள் ஒரு நூலில் கோத்துக் கிடந்தன. தேதிகளைப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம். ஒன்று மட்டும் ஆகஸ்டு. நான் டிப்ளமா சேர்ந்த வருடம். தங்கை இதை உடனே எரித்துவிட வேண்டும் என்றாள். "சம்பந்தி வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?" என்பது அவள் கவலை. எனக்கு அதில் வெட்கப்பட ஒன்றும் தெரியவில்லை. என் டிப்ளமா சர்டிபிகேட் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. அதற்குப் பணம் கட்டிய காகிதம் மட்டும் நெருப்பில் போக வேண்டுமா? தங்கை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ரசீதுகள் இப்போதைக்கு என்னிடம் இருக்கின்றன.

சுரங்கக் கம்பெனிகளின் சரித்திரத்துக்குக் குறைவில்லை. எந்தச் சுரங்கத்தில் எந்த வருடம் எத்தனை அவுன்ஸ் என்று கணக்கு உண்டு. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததைப் பற்றி எழுதாத புத்தகம் இல்லை. 2018இல் ஒரு சினிமா வந்து நம் ஊர் பெயரை உலகத்துக்கே தெரியவைத்தது. அதில் நம் கதை எவ்வளவு இருந்தது என்பது வேறு விஷயம். ஆனால் லைன் வீட்டில் என்ன சமைத்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எவ்வளவுக்குக் கடன் வாங்கினார்கள், யாருக்குக் கடிதம் எழுதினார்கள் என்பதற்கு ஆவணக் காப்பகம் கிடையாது. தகரப் பெட்டிதான் ஆவணக் காப்பகம்.

இது மிகைப்படுத்திச் சொல்வதல்ல. நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். பிறகு அது 'தமிழன்' ஆயிற்று. 1914இல் அவர் மறைந்தார். பின்னாட்களில் அந்தப் பத்திரிகை நம் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சாம்பியன் ரீபில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய நூல்களை அச்சிட்டது. மண்ணுக்கடியில் ஷிப்டு பார்த்துவிட்டு வந்த மனிதர்கள் காசு போட்டு வாங்கிப் படித்த பத்திரிகை அது. பெரிய நூலகங்கள் அதைப் பொருட்படுத்தாத காலத்தில், தனி மனிதர்கள் தங்கள் வீடுகளில் இதழ்களைக் கட்டிப் பாதுகாத்தார்கள். 1999இல் ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று வெளியிட்டது. இன்றைக்குப் பல்கலைக்கழகங்களில் அதை வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள். அந்த வீடுகளில் ஏதோ ஒரு மருமகள் "இந்தப் பழைய பேப்பர் இடத்தை அடைக்கிறது" என்று பகோடாக் கடைக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? போட்ட வீடுகளும் இருந்திருக்கும். அவற்றைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும்?

கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்களும் ஒரு தனி மனிதர்தான். சைன் போர்டு எழுதுகிற கலைஞர். புத்தகம், கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று வீடு கொள்ளாமல் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதைக் கொண்டு 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் தொடங்கப்பட்டது. அவர் உயிரோடு இருந்தபோது அக்கம்பக்கத்தார் என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இதைப் படித்துவிட்டு என் கட்சிக்காரர்கள், "பார்த்தாயா, எதையும் போடக்கூடாது என்று அவரே எழுதியிருக்கிறார்" என்று பிள்ளைகளிடம் காட்டினால் அது தப்பு. உடைந்த குடை, ஓடாத மிக்ஸி, ரேஷன் மண்ணெண்ணெய் டின், பிளாஸ்டிக் டப்பா, கிழிந்த கம்பளி, பத்து வருஷத்துக் காலண்டர்கள் இதெல்லாம் போகட்டும். துணிமணிகளும் போகட்டும், ஒரு புடவையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் காலியான டால்டா டின்கள் பதினேழு வைத்திருக்கிறார். பேரப்பிள்ளை படுக்க இடமில்லை. இதற்கெல்லாம் நினைவு என்று பெயர் வைக்கக் கூடாது.

காகிதத்திலும் எல்லாம் வேண்டாம். கரண்ட் பில்லும் கேஸ் ரசீதும் எதற்கு? வேலை சம்பந்தப்பட்ட காகிதம், பிராவிடண்ட் பண்டு சீட்டு, வீடு ஒதுக்கிய காகிதம், வைத்தியக் காகிதம் இவற்றைத் தொடாதீர்கள். உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. 2001க்குப் பிறகு எத்தனை அலுவலகங்களில் எத்தனை தடவை "ஆதாரம் கொண்டு வா" என்று நம்மவர்களைத் திருப்பி அனுப்பினார்கள் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அடுத்தது போட்டோக்கள். போட்டோவில் இருக்கிறவர் யாரென்று சொல்ல ஆள் இருக்கும் வரைதான் அது போட்டோ. எங்கள் வீட்டில் ஷிப்டு ஆட்கள் இருபத்திரண்டு பேர் நிற்கிற ஒரு படம் இருக்கிறது. அம்மா இருந்திருந்தால் பதினைந்து பேரையாவது சொல்லியிருப்பாள். இப்போது நைனாவையும் பக்கத்து வீட்டு மாமாவையும் தவிர ஒருவரையும் தெரியவில்லை. பெற்றவர்கள் உயிரோடு இருக்கிறவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்காருங்கள். படத்தின் பின்பக்கம் மெதுவாகப் பென்சிலால் பெயர் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் ஊறும். செலோ டேப் ஒட்டாதீர்கள். லாமினேஷன் செய்தால் பாதுகாப்பு என்று கடைக்காரர் சொல்வார்; பழைய படத்துக்கு அது கெடுதல், பிறகு பிரிக்கவே முடியாது. வசம்பு போட்டு வைக்கலாம். இராமபாணப் பூச்சி அண்டாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஈரம் படாத இடமாக இருந்தால் போதும்.

கழிக்கும் வேலையைப் பெரியவர்களே தாங்கள் இருக்கும்போது செய்ய வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். சாமானோடு சேர்ந்து கதையும் கை மாற வேண்டும். பிள்ளைகள் தனியாகப் பிரித்தால் சாமான் மட்டும்தான் அவர்களுக்குக் கிடைக்கும்.

ஒரு சின்ன விஷயம், வீட்டுக்குச் சம்பந்தமில்லாதது. நம் ஊர் சயனைடு மேடுகள் எல்லோருக்கும் தெரியும். தங்கம் எடுத்தது போக மிச்சத்தைக் கொட்டிய குப்பை. காற்றடித்தால் சாப்பாட்டில் தூசி விழும். 2024ஆம் வருடம் ஜூன் மாதம் கர்நாடக மந்திரிசபை, 1,003 ஏக்கரில் இருக்கிற பதின்மூன்று மேடுகளைத் திரும்பத் தோண்டித் தங்கம் எடுக்க ஒப்புதல் கொடுத்திருக்கிறது. சர்க்காருக்கே எது குப்பை என்று முடிவு செய்ய இத்தனை வருடம் ஆகும்போது, நமக்கு இரண்டு நாள் லீவு போதாது.

கடைசியாகக் கடிதங்கள். இதுதான் எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது. நம் பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோர் இங்கிலீஷும் கன்னடமும் படிக்கிறார்கள். தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. ஊரிலிருந்து வந்த இன்லண்டு லெட்டர்களும், துபாயிலிருந்து வந்த நீலநிற ஏரோகிராம்களும் அவர்கள் கண்ணுக்கு வெறும் கோடுகள். படிக்கத் தெரியாத காகிதத்தை அவர்கள் எடுத்து வைப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆகவே பெரியவர்கள் கடிதங்களைச் சத்தமாகப் படிக்க வேண்டும். பிள்ளைகள் செல்போனில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தரங்கமான கடிதமாக இருந்தால், எழுதினவர் அல்லது அவர் பிள்ளைகளின் சம்மதம் இல்லாமல் படிக்க வேண்டாம். கட்டி வையுங்கள், அல்லது அவர்களிடமே சேர்த்துவிடுங்கள். என் தங்கையின் பேரன் எட்டாம் வகுப்பு. அவனுடைய கொள்ளுத்தாத்தாவுக்கு 1968இல் ஊரிலிருந்து வந்த கடிதத்தை நான் படித்தபோது, மழை இல்லை, மாடு விற்றாயிற்று, பத்து ரூபாய் அனுப்பு என்று வந்த இடத்தில், "தாத்தா, அவர் அனுப்பினாரா?" என்று கேட்டான். மணியார்டர் ரசீதைத் தேடினோம். இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது. எட்டு ரூபாய் அனுப்பியிருக்கிறார்.

எங்கள் வயதில் நாலைந்து பேர் ஓய்வாகத்தான் இருக்கிறோம். சங்கத்து அன்பர்கள் வீட்டில் படிக்க ஆள் இல்லாத தமிழ்க் கடிதங்கள், நோட்டுப் புத்தகங்கள் இருந்தால் மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கூட்டம் முடிந்ததும் உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம். பழைய கையெழுத்து எங்களுக்குப் பழக்கம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். மூக்குக் கண்ணாடி நாங்களே கொண்டு வருகிறோம்.